காற்றுக்கும் ஒரு தாழ்ப்பாள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா செல்லும் பாதையோரத் தோட்டமொன்றில் என் பழைய மாணவர் ஒருவர் வசிக்கிறார். முச்சக்கர வண்டி ஓட்டித் தாயையும் தங்கையையும் காப்பாற்றி வருபவர். தங்கை க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்புக்கென்றே கடன்பட்டு ஒரு ரவுட்டர் வாங்கி, லயத்து வீட்டின் சன்னலோரம் வைத்திருந்தார். மழை விடாத ஒரு மாலையில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"சேர், ஒருக்கா வந்து பாருங்க. மாசம் இருபதாம் தேதிக்கு முன்னாலயே டேட்டா முடிஞ்சிருது. பக்கத்துக் காம்பராக்காரங்கதான் களவா எடுக்கறாங்க."

களவு என்ற சொல்லை அவர் உச்சரித்த விதம் எனக்குக் கவலையளித்தது. மலைநாட்டு லயத்தின் அமைப்பை அறிந்தவர்க்கு அக்கவலையின் காரணம் விளங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. முன்னே ஓர் இஸ்தோப்பு. வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. இரண்டு வீட்டுக்கு இடையே ஒரே சுவர். ஒரு வீட்டில் தாளிக்கும் வாசனை மறு வீட்டை எட்டும். ஒருவர் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து நலம் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சந்தேகம் புகுந்துவிட்டால் அதற்குத் தனி அறை கிடையாது. இரண்டு வாரமாகப் பீலிக்கரையில் அவ்விரு வீட்டுப் பெண்களும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

வீட்டுக்கு வீடு கம்பியில்லா வலை பரவிவிட்ட இந்நாளில், அதற்குப் பூட்டுப் போடுவது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய விஷயம் என்று ஆசிரியரும் மாணவரும் ஒதுங்கிவிடலாகாது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்பே இந்த வலையின் வழியாகத்தான் வந்தது. போகிட்டியாவ என்னும் இலங்கைக் கிராமத்தின் ஆசிரியையும் பிள்ளைகளும் தொலைபேசி அலை கிடைக்கும் இடந்தேடிக் காட்டுவழியே மலையேறிய செய்தி, 2021இல் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தது. அவ்வளவு பாடுபட்டுப் பெறுகின்ற ஒன்றைக் காக்கும் வழியையும் நாம் அறிந்திருக்க வேண்டும் அன்றோ?

பழைய கதை

காற்றில் செல்லும் செய்தியை அந்நியர் இடைமறிப்பது நேற்று முளைத்த தொல்லையன்று. கம்பியில்லாத் தந்தியைப் பரப்பிய மார்க்கோனி, தம் கருவிகளைக் குறித்த அலைவரிசைக்கு இசைத்துவிட்டால் பிறர் குறுக்கிட இயலாது என்று கூறிவந்தார். 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் பிளெமிங் அதனை மக்கள் முன் விளக்கிக் காட்ட முற்பட்டார். கோர்ன்வாலின் போல்டு நிலையத்திலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தி அங்கு வந்துசேர வேண்டும். அதற்குச் சற்று முன்னர், கருவி தானாகவே தட்டத் தொடங்கிற்று. "எலிகள்" என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. பின்பு மார்க்கோனியைக் கேலி செய்யும் அடிகள் வந்தன. நெவில் மாஸ்கலைன் என்ற மந்திர வித்தைக்காரரின் வேலை அது. காற்று எவருக்கும் தனிச்சொத்து அன்று என்பதை அவர் சபையறியக் காட்டிவிட்டார்.

வீட்டு ரவுட்டரும் இவ்விதியினின்று தப்பியதன்று. சுவர் அதன் அலையை முழுவதும் தடுப்பதில்லை. லயத்துச் சுவர் எம்மாத்திரம்! ஆகவே அலையைப் பிறர் பெறாமற் செய்வது முடியாத காரியம். பெற்றாலும் பொருள் விளங்காதபடி மறைமொழியாக்குவதே செய்யக்கூடியது. அதற்காக 1997இல் வகுக்கப்பட்ட முதற் பூட்டு டபிள்யூ.இ.பி. எனப்பட்டது. 2001இல் புளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூன்று அறிஞர்கள் அப்பூட்டின் அடிப்படைக் குறையைக் கண்டு எழுதினர். அதன்பின் அது பூட்டென்ற பெயருக்கே தகுதியற்றதாயிற்று. 2003இல் இடைக்கால ஏற்பாடாக டபிள்யூ.பி.ஏ. வந்தது. 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. அதிலும் ஒரு வழு இருப்பதை 2017இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் எடுத்துக்காட்டினார். கருவிகளின் மென்பொருளைப் புதுப்பித்து அது அடைக்கப்பட்டது. 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிவிக்கப்பட்டது. இன்று வீட்டில் வைத்திருப்பவர்கள் இவற்றுள் கடைசி இரண்டில் ஒன்றையே தெரிவு செய்தல் வேண்டும்.

வண்டியில் எழுதிய சாவி

மழை ஓய்ந்ததும் மாணவரின் வீட்டுக்குச் சென்றேன். இஸ்தோப்பில் அமர்ந்து, முதலில் கடவுச்சொல் யாது என்று வினவினேன். அவர் சற்றுத் தயங்கி, தம் தொலைபேசி இலக்கமே என்றார். வாசலில் அவருடைய முச்சக்கர வண்டி நின்றது. அதன் பின்புறத்தில், வாடகைக்கு அழைப்போர் வசதிக்காக, அதே இலக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தீட்டப்பட்டிருந்தது. தங்கை அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இச்சிரிப்பு அவ்வொரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2021இல் இஸ்ரேலில் ஓர் ஆய்வாளர் டெல் அவீவ் நகரில் ஏறத்தாழ 5,000 வலைகளின் அலைகளைச் சேகரித்துச் சோதித்தார். அவற்றுள் நூற்றுக்கு 70 அளவில் அவரால் திறக்க முடிந்தது. பெருங் காரணம், அந்நாட்டு மக்களிற் பலர் தங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்தமையாகும். அவ்விலக்கங்கள் 05 எனத் தொடங்கும். எஞ்சியவை எட்டு இலக்கங்கள். நம் நாட்டு இலக்கங்கள் 07 எனத் தொடங்கும்; எஞ்சியவையும் எட்டே. ஆகவே அவர்கள் கதை நம் கதையும் ஆகும்.

வண்டியில் எழுதாமல் விட்டால் போதாதோ என்று கேட்கலாம். போதாது. அதன் காரணத்தைக் கணக்கினால் காணலாம். டபிள்யூ.பி.ஏ.2 முறையில் தொலைபேசி ஒன்று ரவுட்டருடன் இணையும்போது கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. அச்சொல்லை அறிந்திருப்பதற்கான சான்றை மட்டும் காட்டுகிறது. அயலில் ஒளிந்திருப்பவன் அச்சான்றைப் பிடித்துக்கொண்டு தன் இருப்பிடத்துக்குப் போய்விடலாம். அங்கே ஒவ்வொரு சொல்லாக ஊகித்து, எது அச்சான்றுக்குப் பொருந்துகிறது என்று ஆறுதலாகச் சோதிக்கலாம். வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. எட்டு இலக்கங்களால் ஆகக்கூடியவை பத்துக் கோடி எண்கள். இன்றைய உயர்தர வரைகலை அட்டை ஒன்று செக்கனுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊகங்களைச் சோதிக்க வல்லது. பத்துக் கோடியும் இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்கு முன் வேலை முடிந்தது!

இனிச் சொற்களை எடுத்துக்கொள்வோம். எண்ணாயிரம் சொற்கள் கொண்ட ஒரு சிறு அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். இவ்வாறு நான்கு சொற்களைப் பொறுக்கினால், அதே வேகத்தில் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 130 ஆண்டுகள் செல்லும். ஐந்தாவது சொல்லொன்றைச் சேர்த்தால் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். விசித்திரக் குறிகளை இட்டு நாமே மறந்துபோகும் கடவுச்சொல்லைவிட, தொடர்பற்ற ஐந்து எளிய சொற்கள் உறுதியானவை. ஆனால் பொறுக்குவது விரலாக இருக்க வேண்டும்; மனமாக இருக்கலாகாது. மனம் பழகிய பாதையிலேயே செல்லும். பிள்ளையின் பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாரும் அறிந்த குறள், திரைப்படப் பாட்டின் முதலடி ஆகியவை பிறராலும் ஊகிக்கத்தக்கவை. இன்னுமொன்று: இக்கடவுச்சொல் எட்டு முதல் 63 எழுத்துக்கள் வரை ஆங்கில எழுத்துக்களாலும் எண்களாலும் குறிகளாலும் அமைய வேண்டும். ஆதலின் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியே இட வேண்டும்.

செக்ரோலில் இருந்த பெயர்கள்

அடுத்து, ரவுட்டரின் உள்ளே நுழைந்து பார்த்தோம். அதன் அடியில் ஒட்டியிருந்த தாளிலேயே உட்புகும் முகவரியும், தொழிற்சாலையில் இட்ட நிருவாகக் கடவுச்சொல்லும் இருந்தன. அது வலைக்கான கடவுச்சொல்லினின்று வேறானது. ரவுட்டரின் ஏற்பாடுகளையே மாற்றவல்லது. அதனைப் பலர் மாற்றுவதில்லை. வலைக்குள் வந்துவிட்ட ஒருவன் இதையும் கைப்பற்றினால், வங்கியின் பெயரைத் தேடிப் போகிறவரைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிடவும் முற்படலாம். வங்கித் தளங்களின் செய்திப் போக்குவரத்து இந்நாளில் தனியே மறைமொழியாக்கப்படுவதால், திருப்பப்படும் பக்கத்தைப் பற்றி உலாவி எச்சரிக்கும். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது மேலே செல்பவருக்கே ஆபத்து. முதல் வேலையாக அந்தச் சொல்லை மாற்றினோம்.

உள்ளே ஒரு பட்டியல் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்குவது எளிது. காலையில் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் போடும் செக்ரோல் போன்றது அது. வலையில் சேர்ந்த கருவி ஒவ்வொன்றும் அதில் பதிவாகியிருக்கும். ஒன்பது பதிவுகள் காணப்பட்டன. ஐந்து வீட்டுக்குரியவை: மூவரின் தொலைபேசிகள், தொலைக்காட்சி, கண்ணாடி உடைந்த பழைய தொலைபேசி ஒன்று. மீதி நான்கு யாருடையவை? மாணவரின் முகம் சிவந்தது. பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கினார்.

"பொறுங்கள், தம்பி" என்றேன்.

அந்நான்கில் இரண்டு, அவரே மனமுவந்து கடவுச்சொல் கொடுத்தவை: ஒன்று நண்பரான இன்னொரு வண்டிக்காரருடையது, மற்றையது தீபாவளிக்கு வந்து சென்ற மைத்துனருடையது. மூன்றாவதோ தங்கையின் தொலைபேசியே! சில ஆண்டுகளாகக் கைத்தொலைபேசிகள் தம் உண்மையான கருவி எண்ணை மறைத்துப் புனைபெயர் போன்ற ஓர் எண்ணைக் காட்டுகின்றன. ஆகவே ஒரே தொலைபேசி சில வேளை இரண்டு பேராய்ப் பட்டியலில் நிற்கும். இவ்வுண்மையை அறியாமல் பட்டியலை மட்டும் நம்பி அயலாரைக் குற்றஞ்சாட்டினோர் எத்தனை பேரோ!

நான்காவது கருவி, கீழ் லயத்தில் இருக்கும் ஒரு பையனுடையது. பதினோராந் தரத்தில் படிப்பவன். வண்டியின் இலக்கத்தைப் பார்த்து விளையாட்டாக இட்டிருக்கிறான், வலை திறந்துகொண்டது. பக்கத்து வீட்டாரின் கருவி ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை.

டேட்டாவைத் தின்றவர் யார்? எக்கருவி எவ்வளவு எடுத்தது என்ற கணக்கும் அங்கேயே இருந்தது. முதலிடம் தொலைக்காட்சிக்கு. ஒரு படம் முடிந்ததும் அடுத்ததை அது தானாகவே தொடங்கிவிடும். பார்ப்பவர் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. இரண்டாமிடம் மாணவரின் சொந்தத் தொலைபேசிக்கு. எடுத்த படங்களையெல்லாம் அது தானாகவே மேலேற்றிக்கொண்டிருந்தது. கீழ் லயத்துப் பையன் எடுத்தது சொற்பமே. கடந்த ஆண்டுகளின் பரீட்சை வினாத்தாள்களை இறக்கியிருக்கிறான்.

மாணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து பக்கத்து இஸ்தோப்புக்குச் சென்றார். அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. அந்த வீட்டு அம்மாளின் குரல் மட்டும் கேட்டது: "அதுக்கென்ன தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அந்நியர் என்பவர் யார்?

இதனால் பூட்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாகாது. 2008 ஜூலை 26இல் அகமதாபாத் நகரில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல் எங்கிருந்து புறப்பட்டதென ஆராய்ந்தபோது, நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டுக் கம்பியில்லா இணைப்பு அகப்பட்டது. அவர் விசாரணைக்கு உள்ளானார். அவர் அறியாமலே அயலார் எவரோ அவ்வலையைப் பயன்படுத்தியமை பின்னர் தெரிந்தது. அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. எனினும் அந்நாட்களில் அக்குடும்பம் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். வெளியுலகிலிருந்து பார்ப்பவருக்கு, ஒரு வலையின் வழியாகச் செல்லும் யாவும் அதன் சொந்தக்காரர் வாசலிலிருந்து புறப்பட்டனவாகவே தோன்றும். நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

ஆயினும் மலைநாட்டில் "அந்நியர்", "அத்துமீறுபவர்" என்ற சொற்களைக் கையாளும்போது நாவு சற்றுக் கூசுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முன்னோர், தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கொண்டு இம்மலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கடன் கணக்கு எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்கு அவர்கள் போக முடியவில்லை. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தொழிலாளரின் உரிமையைப் பேச வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். துரைமாரின் கண்ணில் அவரும் அத்துமீறியவரே. 1948இன் குடியுரிமைச் சட்டம் இங்கேயே பிறந்தவர்களையும் அந்நியராக்கிற்று. "நீ யார்? சீட்டு எங்கே?" என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்ட மக்கள், தங்கள் வீட்டு வாசலில் அதே கேள்வியைக் கேட்கும்போது, கேட்கும் முறையில் வேறுபாடு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவ்வேறுபாட்டுக்கு ரவுட்டரிலேயே இடம் உண்டு. பெரும்பாலான கருவிகளில் விருந்தினர் வலை என்றொரு ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக் கருவிகள் ஒரு வலையில்; வருவோர் இன்னொரு வலையில். விருந்தினர் இணையத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் வீட்டுக் கருவிகளை அணுகவோ, ரவுட்டரின் ஏற்பாடுகளைத் தொடவோ இயலாது. லயத்து வீட்டின் இஸ்தோப்பைப் போன்றது அது. வந்தவர் அமரலாம், பேசலாம், தேநீர் அருந்தலாம், அடுப்படிக்குள் போவதில்லை. அதனால் எவரும் மனம் நோவதுமில்லை. சில ரவுட்டர்களில் விருந்தினருக்கு நேர எல்லையும் வேக எல்லையும் வகுக்கலாம். கீழ் லயத்துப் பையனை அழைத்து, மாலையில் இரண்டு மணி நேரம் இவ்வழியே படித்துக்கொள்ளலாம் என்று மாணவர் கூறினார். தலைகுனிந்து நின்ற பையன் நிமிர்ந்தான்.

எஞ்சிய வேலைகள் அரை மணி நேரத்தில் முடிந்தன. அவற்றை வாசகர் நலங்கருதிக் குறிப்பிடுகிறேன். முதலாவது, பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்கம் இட்டோ எளிதில் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியை நிறுத்தினோம். அவ்வெட்டு இலக்கத்தை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சோதிக்கிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடத்தக்கது. ஆகவே பத்துக் கோடி ஊகங்கள் தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 ஊகங்களே போதும் என்பது 2011இல் வெளிப்பட்டது. இரண்டாவது, ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தோம். மூன்றாவது, வலைக்குக் குடும்பப் பெயரோ வீட்டு இலக்கமோ இல்லாத ஒரு பொதுப் பெயரை இட்டோம். தொலைக்காட்சி தானாக அடுத்த படத்துக்குத் தாவுவதையும் தொலைபேசி படங்களை மேலேற்றுவதையும் நிறுத்தினோம்.

இரண்டு காரியங்களை வேண்டாமென்று விட்டோம். வலையின் பெயரை மறைத்து வைத்தால் திருடன் காணமாட்டான் என்பர் சிலர். மறைத்த பெயரைத் தொலைபேசிகள் போகுமிடமெல்லாம் கூவித் தேடுகின்றன. மறைத்ததன் பயன் எதுவுமில்லை. குறித்த கருவி எண்களை மட்டும் அனுமதிக்கும் முறையும் உறுதியற்றது. பிரட்டுக் களத்தில் வராதவன் பேருக்கு வேறொருவன் குரல் கொடுத்தாற்போல, ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவி எளிதில் பூண்டுகொள்ளும்.

கடைசியாகக் கடவுச்சொல். தங்கை தன் பாடசாலைத் தமிழகராதியை எடுத்து வந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து முறை திறந்தாள். ஐந்து சொற்கள் வந்தன. அவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரிலிருந்த முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். எழுதி வைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். காற்று வழியே வருபவனுக்கு முருகன் படத்தின் பின்புறம் தெரியாது. வீட்டுக்குள் வருபவர்களோ நம்மவர்கள். தாராளமாக வைக்கலாம் என்றேன்.

நான் புறப்பட்டபோது இருட்டிவிட்டது. பீலிக்கரையில் தண்ணீர் விழும் ஓசைக்கு மேலாக இரண்டு பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. யாரென்று நின்று பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.